டி&டி மேப் போட எந்த சாப்ட்வேர் நல்லது? (லேப்டாப் பழசு, ஊர் பேரு தமிழ்ல வரணும்)

இருபதுமுகத்தாயம்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இது தான் முதல் போஸ்ட்.

நாங்க ஆடுறது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி), பகடை உருட்டி கதை சொல்லி ஆடுற ஆட்டம். நான் டிஎம், அதாவது கதைய நடத்துறவன், பிளேயர்ஸ் அஞ்சு பேரு. மூணு பேரு சனிக்கிழமை சாயந்திரம் எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சு உக்காந்துருவாங்க, மீதி ரெண்டு பேரு ஆன்லைன் (ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தி சிங்கப்பூர்). 5இ (அஞ்சாவது எடிஷன்) ரூல்ஸ். ரெண்டு வருஷமா ரெடிமேட் அட்வென்ச்சர் தான் ஓட்டிட்டு இருந்தோம், மேப் அதுலயே வந்துரும், அதனால இந்த தலைவலி இல்ல. இப்ப சொந்தமா ஒரு நாடு எழுத ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டேன். மேல மலை, கீழ டெல்டா, கடலோரத்துல ஒரு துறைமுகம், நடுவுல கொற்றவைக்கோட்டைனு ஒரு இடிஞ்ச கோட்டை, கோட்டைக்கு அடியில சுரங்கம். இன்னும் மூணு சனிக்கிழமைல பார்ட்டி (பிளேயர்ஸோட கேரக்டர் கூட்டம்) அந்த சுரங்கத்துக்குள்ள இறங்குது.

நாட்டோட மேப் ஒண்ணு வேணும், சுரங்கத்துக்கு கட்டம் போட்ட பேட்டில் மேப் ஒண்ணு வேணும். லேப்டாப் 8 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ஆன் பண்ணிட்டு போய் டீ போட்டு வந்தா தான் டெஸ்க்டாப் வரும். 2,500 ரூபா வரைக்கும் செலவு பண்ணலாம், ஆனா மாசாமாசம் கட்டுற மாதிரி வேணாம். வரையவும் வராது, ஸ்கூல்ல நான் போட்ட மயில பாத்து மிஸ் "கோழி நல்லாருக்கு"ன்னாங்க.

இன்னொரு விஷயம், ஊர் பேரு எல்லாம் தமிழ்ல தான் வரணும். போன வாரம் பிரெண்டோட சிஸ்டத்துல ஒரு மேப் ஆப்ல (பேரு வேணாம்) கொற்றவைக்கோட்டைனு டைப் பண்ணி பாத்தேன். கொம்பு எல்லாம் எழுத்துக்கு பின்னாடி போய் நிக்குது, காலு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். இடிஞ்ச கோட்டை தான், அதுக்காக பேருமா இடிஞ்சு கிடக்கணும்? என்ன வாங்கலாம் சொல்லுங்க.

குகைவாசி:

வாங்க வாங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க ஒரு சாப்ட்வேர் கேக்குறீங்க ஆனா உங்க வேலை ரெண்டு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலை. நாட்டு மேப்ங்கிறது மலை எங்க ஆறு எங்க ஊருக்கு ஊரு எத்தன நாள் நடைனு பாக்க. பேட்டில் மேப்ங்கிறது ஒரு கட்டம் அஞ்சு அடி, இந்த தூணுக்கு பின்னாடி ஒளிஞ்சா அம்பு படுமா படாதானு சண்டை போட. ஒரே ஆப்ல ரெண்டும் பண்ணலாம்னு விளம்பரம் வரும், பண்ணலாம் தான், ஆனா ஒண்ணு சுமாரா தான் வரும்.

மூணு வாரம் தான் இருக்குன்னா நாட்டு மேப்ப பத்தி இப்போதைக்கு யோசிக்கவே யோசிக்காதீங்க. பார்ட்டி சுரங்கத்துக்குள்ள நிக்கும்போது கடலோரம் எப்படி வளைஞ்சிருக்குனு எவனும் கேக்க மாட்டான். நானும் அதே தப்பு பண்ணவன் தான், ஆறு மாசம் கண்டம் கண்டமா வரைஞ்சேன், பசங்க மொத்த கேம்பெயினும் (வாராவாரம் தொடர்ற முழு கதை) ஒரே ஊர்ல ஒரு சத்திரத்த சுத்தியே முடிச்சிட்டானுங்க.

சுரங்கத்துக்கு டஞ்சன்டிராப்ட். 19.99 டாலர், ஒரே தடவ கட்டுனா போதும், மாச சந்தா இல்ல. கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணி வச்சுக்கோங்க, பேங்க் மார்க்கப் போடும், அது போக உங்க பட்ஜெட்டுக்குள்ள வந்துரும். சுவர இழுத்தா சுவர், அதுல கதவ வச்சா தானா வெட்டி உக்காந்துக்கும், குகைக்கு தனி டூல் இருக்கு பிரஷ்ல தேய்ச்சா குகை சுவர் தானா வந்துரும், வரையவே தெரியாதவங்களுக்கு பண்ண மாதிரி இருக்கும். 8 ஜிபி ரேம்ல ஓடும், ஆனா நெட்ல அசெட் பேக் (மரம், மேசை மாதிரி மேப்ல வைக்கிற படங்களோட தொகுப்பு) ப்ரீயா கிடைக்குதுனு அம்பது பேக் இறக்கி எல்லாத்தையும் ஒரே மேப்ல டிக் பண்ணீங்கன்னா உங்க டீ ஆறி பால் திரிஞ்சுரும். அந்த மேப்புக்கு வேண்டிய பேக் மட்டும் டிக் பண்ணுங்க. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால லைட்டிங் போட்டா கொஞ்சம் திணறும், கடைசில லைட்ட போடுங்க.

காசே வேணாம்னா டஞ்சன் ஸ்க்ரால், பிரவுசர்லயே ஓடும், கருப்பு வெள்ளை பழைய ஸ்டைல், ஓரத்துல கோடு கோடா ஷேடிங் வரும். அந்த ஸ்டைல பிரபலமாக்குனது டைசன் லோகோஸ்ங்கிற பேர்ல வரையிறவரு, அவரோட மேப்பே நெறைய ப்ரீயா நெட்ல இருக்கு, அவசரத்துக்கு அதுல ஒண்ண எடுத்தும் சுரங்கம்னு சொல்லிரலாம், யாருக்கு தெரிய போகுது. டஞ்சன் ஆல்கெமிஸ்ட் பத்தியும் யாராவது சொல்லுவாங்க, ரூம் வரைஞ்சு இது சமையல்கட்டுனு சொன்னா அடுப்பு பானை எல்லாம் அதுவே வச்சுரும், பாக்க பிரமாதம், ஆனா அது 3டி, உங்க லேப்டாப்ல அத தொடாதீங்க.

நாட்டு மேப் பின்னாடி போடும்போது அஸ்கார் ஃபேன்டசி மேப் ஜெனரேட்டர். ப்ரீ, ஓப்பன் சோர்ஸ், பிரவுசர். ஒரு கிளிக்ல கண்டம், ஆறு, நாடு, மதம், மொழி எல்லாம் கொட்டிரும், மலை வேற எடத்துல வேணும்னா உயரத்த நீங்களே பிரஷ் வச்சு மாத்திக்கலாம். ஊர் பேருக்கு பெயர்த்தொகுப்புனு ஒண்ணு வச்சிருக்கு, ஒவ்வொரு கலாச்சாரத்துக்கும் ஒரு லிஸ்ட், அந்த லிஸ்ட்ல உள்ள பேர பாத்து அதே ஓசைல புதுசா பேரு உருட்டும். கர்நாடகானு ஒரு லிஸ்ட் ஏற்கனவே உண்டு. நான் நம்ம ஊர் பேரா ஒரு இருநூறு ரோமன் எழுத்துல அடிச்சு குடுத்தேன், பட்டி, பாக்கம், குறிச்சி, மங்கலம், பாளையம்னு முடியிற மாதிரி. அது திருப்பி குடுத்த பேருல பாதி நிஜமாவே திருச்சி பக்கம் பஸ் போர்டுல பாத்த மாதிரி இருந்துச்சு. ஒரு எச்சரிக்கை, மேப்ப ஃபைலா டவுன்லோடு பண்ணி வைங்க, பிரவுசர்லயே இருக்கும்னு நம்பி ஹிஸ்டரி கிளீன் பண்ணா உங்க நாடு காலி.

துறைமுகத்துக்கு வாட்டபௌ போட்ட சிட்டி ஜெனரேட்டர். அதுவும் ப்ரீ. சின்ன ஊரா பெரிய ஊரானு சொன்னா தெரு, மதில், கோட்டைனு வரைஞ்சு குடுத்துரும்.

தமிழ் எழுத்து உடையுற விஷயம் எனக்கும் வந்துருக்கு, நான் இங்கிலீஷ்ல எழுதிட்டு போயிட்டேன், வேற யாராவது சொல்லுங்கப்பா.

கட்டம்போட்டநோட்டு:

2,500 ரூபாய்க்கு என்னென்னமோ சொல்றீங்க, கடைல கிராஃப் நோட்டு என்ன விலைன்னு யாராவது விசாரிச்சீங்களா?

1974ல இந்த ஆட்டம் வந்தப்ப எவன்கிட்டயும் கம்ப்யூட்டர் கிடையாது, கட்டம் போட்ட பேப்பரும் பென்சிலும் தான். இந்த ஆட்டத்த வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி போட்ட பழைய மாட்யூல்ஸ்ல (ரெடிமேட் அட்வென்ச்சர் புக்) மேப் எல்லாம் வெளிர் நீலத்துல இருக்கும், ஏன்னா அந்த நீலத்த அப்பத்த ஜெராக்ஸ் மெஷின் புடிக்காது, காப்பி அடிக்க முடியாது. அந்த நீல மேப்ப பாத்து தான் ஒரு தலைமுறையே வளந்துச்சு, அதுல மரத்துக்கு நிழல் விழல தண்ணி பளபளக்கலனு யாரும் அழுவல. தம்பி, நீங்க பென்சில்ல போட்டு போன்ல போட்டோ எடுத்து ஆன்லைன் ஆளுங்களுக்கு அனுப்புங்க. மூணு வாரம் வேணாம், முப்பது நிமிஷம்.

இருபதுமுகத்தாயம்:

குகைவாசி ப்ரோ செம்ம, இவ்ளோ டீடெய்லா எதிர்பார்க்கல. நோட்டு அண்ணே, நீங்க சொல்றது நியாயம் தான், ஆனா போன தடவ அப்படி தான் பண்ணேன், சிங்கப்பூர்காரி "இது குகையா இல்ல உன் கையெழுத்தா"ன்னு கேட்டுட்டா.

டஞ்சன்டிராப்ட் வாங்கிரலாம்னு முடிவு. ஆன்லைன்ல இருக்குறவங்களுக்கு எப்படி காட்டுறது? இப்ப வரைக்கும் ஸ்க்ரீன் ஷேர் தான்.

குகைவாசி:

ஸ்க்ரீன் ஷேர்ல ஒரு கை போயிரும்ங்க, நீங்களே எல்லார் டோக்கனையும் (மேப்ல கேரக்டருக்கு பதிலா நிக்கிற காய்) நகத்தணும். ஔல்பேர் ரோடியோ பாருங்க, பிரவுசர், ப்ரீயாவே ஆரம்பிக்கலாம், மேப் படத்த ஏத்தி மேல இருட்ட போட்டு மூடிட்டு, அவங்க நடக்க நடக்க தொறந்து விடலாம். உங்க லெவலுக்கு இது போதும்.

பின்னாடி ஆசை வந்தா ஃபவுண்ட்ரி, இதே வேலைக்கு இன்னும் பெரிய சாப்ட்வேர். 50 டாலர் ஒரே தடவ, டிஎம் மட்டும் வாங்குனா போதும் பிளேயர்ஸ் வாங்க வேணாம். டஞ்சன்டிராப்ட்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது யுனிவர்சல் விடிடினு (விடிடின்னா இந்த மாதிரி ஆன்லைன் ஆட்ட மேசை) ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல படம் மட்டும் இல்லாம சுவர் எங்க, கதவு எங்க, தீப்பந்தம் எங்கனு எல்லாம் சேந்து போகும். ஃபவுண்ட்ரில ஒரு மாட்யூல் (கூட சேத்துக்குற சின்ன ப்ரோகிராம்) போட்டு அத இறக்குனா கதவு நிஜமாவே தொறந்து மூடும், வெளிச்சம் சுவருக்கு அந்த பக்கம் போகாது. ரோல்20யும் இருக்கு, ஆனா அந்த மாதிரி வெளிச்சத்துக்கு சந்தா கேக்குதானு பாத்துக்கோங்க, நீங்க தான் சந்தா வேணாம்ட்டீங்களே.

பிக்சல் கணக்க மறந்துராதீங்க. ஃபவுண்ட்ரில ஒரு கட்டத்துக்கு 100 பிக்சல், ரோல்20ல 70. 30க்கு 20 கட்டம் மேப்னா 3000க்கு 2000, தாராளம். இன்னும் ஷார்ப்பா இருக்கட்டும்னு ரெண்டு மூணு மடங்கு பெருசா அனுப்புனா பெங்களூர்காரன் போன்ல லோடே ஆகாது.

அப்புறம் ரெண்டு காப்பி எக்ஸ்போர்ட் பண்ணுங்க, டிஎம் காப்பி ஒண்ணு பிளேயர் காப்பி ஒண்ணு. நான் ஒரு தடவ ரகசிய கதவு, குழி, பொறி எல்லாத்துக்கும் சிவப்புல பேரு எழுதுன காப்பிய குரூப்ல போட்டுட்டேன். நாலு பேரும் பாத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நேரா அந்த சுவர் கிட்ட போயி "நான் சும்மா சாஞ்சுக்குறேன்"ங்குறானுங்க.

கோட்டுவேலை:

லேட்டா வர்றேன். நான் சிவில் டிராப்ட்ஸ்மேன், இருபது வருஷம் ஆட்டோகேட். என்ன மாதிரி ஆளுங்களுக்கு கேம்பெயின் கார்ட்டோகிராஃபர், ப்ரோஃபேன்டசி கம்பெனியோடது, 1993ல டாஸ் காலத்துலயே வந்தது, இப்ப 3 பிளஸ் வரைக்கும் வந்துருச்சு. உள்ள ஓடுறது ஒரு நிஜ கேட் (ஆட்டோகேட் மாதிரி அளவு வச்சு வரையிற) எஞ்சின். படம் வரையறதில்ல, அளவு குடுத்து கோடு போடுறது, ஒவ்வொண்ணும் தனி ஷீட்ல, எப்ப வேணா எவ்ளோ வேணா பெருசாக்கலாம் உடையாது. ஆனா முதல் வாரம் அழ வச்சிரும், ரைட் கிளிக்குக்கு கூட தனி அர்த்தம் இருக்கும், விண்டோஸ் மட்டும் தான். கேட் தெரியாத ஆளுக்கு மூணு வாரத்துல சுரங்கம் வேணும்னா நானே வேணாம்னு தான் சொல்லுவேன். தெரிஞ்சவங்க யாராவது படிச்சா அவங்களுக்காக எழுதுறேன்.

இங்க நான் வந்தது ஆறுக்காக. டெல்டா நாடுன்னு போட்டிருக்கீங்க. மேப் போடுற குரூப்ல எல்லாம் ஒரு சட்டம் வச்சிருப்பாங்க, ஆறு சேரும், பிரியாது, பிரியிற மாதிரி போட்டா ஓடி வந்து திட்டுவாங்க. தொண்ணூறு சதம் சரி தான். தண்ணி பள்ளத்த தேடி போகும், இருக்குறதுலயே பெரிய பள்ளம் ஒண்ணு தான் இருக்கும், ஏரில இருந்தும் வெளிய போற வழி ஒண்ணு தான். ஆனா நம்மாளுகிட்ட அந்த சட்டத்த சொன்னா முக்கொம்புக்கு கூட்டிட்டு போயிருவான். அங்க காவேரி ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு கொள்ளிடம்னு போகுது, நடுவுல ஸ்ரீரங்கம் தீவா நிக்குது, கீழ கல்லணைக்கு வந்தா அங்க இருந்து வெண்ணாறு தனியா கெளம்புது, அதுக்கும் கீழ எத்தன ஆறுனு தஞ்சாவூர்காரனே விரல் விட்டு தான் எண்ணணும். காரணம் என்னன்னா அங்க சரிவு ரொம்ப கம்மி, வண்டல் படிஞ்சு படிஞ்சு ஆறே தன் வழிய அடைச்சுக்கும், அப்ப பக்கத்துல ஒடச்சிட்டு போகும். அதனால உங்க டெல்டால தைரியமா பிரிச்சு போடுங்க, மலைக்கும் சமவெளிக்கும் நடுவுல மட்டும் பிரிக்காதீங்க. பிரியிற எடம் தான் உங்க கதைல முக்கியமான எடம், அங்க அணை வச்சிருக்கிறவன் கைல தான் கீழ உள்ள எல்லார் சோறும். கொற்றவைக்கோட்டைய அங்க வைங்க. சும்மா நடுக்காட்டுல ஒரு கோட்டை ஏன் இருக்குனு பிளேயர் கேட்டா பதில் இருக்கும்.

மழையும் அப்படி தான். காத்து எந்த பக்கம் இருந்து வருதுனு முடிவு பண்ணுங்க, மலைக்கு அந்த பக்கம் அடர் காடு, இந்த பக்கம் காய்ஞ்ச நிலம். கோயம்புத்தூர்ல இருந்து பாலக்காட்டுக்கு ஒரு தடவ பகல் ரயில்ல போனா போதும், வாளையார் தாண்டுனதும் ஜன்னல்ல பச்சை மாறும். அஸ்கார்ல காத்து திசைய மாத்துற செட்டிங் இருக்கு, மாத்துனா மழை, காடு, பாலைவனம் எல்லாம் திருப்பி கணக்கு போடும்.

அளவு இன்னொண்ணு. 5இ ரூல்ஸ்ல சாதாரண நடைக்கு ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது 38 கிலோமீட்டர் சொச்சம். சென்னைல இருந்து கன்னியாகுமரி சுமாரா 700 கிலோமீட்டர், பதினெட்டு நாள் நடை. ஒரு கேம்பெயினுக்கு அவ்ளோ பெரிய நாடே ஜாஸ்தி. நெறைய பேரு கண்டத்துக்கு 3,000 மைல்னு போட்டுடறாங்க, அப்புறம் இந்த கோடில இருந்து அந்த கோடிக்கு போக நாலு மாசம் ஆகுது.

பாமினிப்பிரியன்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். முந்தி அச்சகத்தில கனகாலம் டைப்செட்டிங் வேலை செய்தனான், இப்ப பொடியளோட சேர்ந்து இந்த விளையாட்டும் விளையாடுறன். தமிழ் உடையிற பிரச்சினைக்கு ஒருதரும் பதில் சொல்லேல்லை எண்டபடியால் நான் சொல்லுறன்.

டஞ்சன்டிராப்டும், நாட்டு மேப் போடுற வொண்டர்டிராப்டும் ஒரே ஆள் செய்தது, ரெண்டுமே கோடோ எண்ட கேம் எஞ்சினில, அதின்ர 3ம் பதிப்புக் காலத்தில கட்டினது. கோடோ 3க்கு தமிழ், அரபு, இந்தி மாதிரியான எழுத்துகளை ஒழுங்குபடுத்தத் தெரியாது. யூனிகோடில "கொ" எண்டு எழுதினால் உள்ளுக்க முதல் க வரும், பிறகு தான் ொ. ககரத்துக்கு முன்னால கொம்பும் பின்னால காலும் போடவேணும் எண்டு விளங்கிப் பிரிச்சு வைக்கிறது வேறயொரு வேலை, அந்த வேலைக்காரன் கோடோவில 4ம் பதிப்பில, 2023ல தான் சேர்ந்தவர். அவர் இல்லாத இடத்தில எல்லாம் உங்கட கோட்டை இடியும்.

இதுக்கு எங்கட ஆக்களிட்ட ஒரு பழைய வைத்தியம் இருக்கு. பாமினி. யூனிகோடுக்கு முந்தின எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளிண்ட இடத்தில தமிழ் உருவங்களை வைச்சிருக்கு, கண்ணுக்கு எப்பிடித் தெரியுமோ அதே வரிசையில தட்டவேணும், கொம்பு முதல், பிறகு எழுத்து, பிறகு கால். ஆங்கில விசையில என், எஃப், எச் எண்டு அடிச்சால் "கொ". எஞ்சினுக்கு அது மூண்டு ஆங்கில எழுத்து, ஒழுங்குபடுத்த ஒண்டுமில்லை, அப்பிடியே காட்டும். இந்த ரெண்டு மென்பொருளிலையும் சொந்த எழுத்துரு போடலாம். யூனிகோடில எழுதி, பாமினிக்கு மாத்துற கன்வெர்ட்டர் இணையத்தில கனக்க இருக்கு அதில ஒட்டி எடுத்து, லேபிளில ஒட்டிப்போட்டு எழுத்துருவை பாமினியா மாத்துங்கோ. கொற்றவைக்கோட்டை சும்மா கல்லுப்போல நிக்கும்.

பரிசோதிக்கவும் அந்தப் பேர் தான் நல்ல பேர், கொம்பு, கால், இரட்டைக்கொம்பு, ஐகாரம், புள்ளி எல்லாம் அதுக்குள்ள இருக்கு. புதுப் பதிப்பு வந்தால் முதல் யூனிகோடில அதை அடிச்சுப் பாருங்கோ, சரியா வந்தால் பாமினியே தேவையில்லை.

யூனிகோடுவெறியன்:

2024 தாண்டியும் பாமினியா? எங்க ஆபீஸ்ல பழைய ஃபைல் எல்லாம் இப்படி தான் இருக்கு, எழுத்துரு இல்லாத சிஸ்டத்துல தொறந்தா கெட்ட வார்த்தை மாதிரி தெரியும், தேட முடியாது, காப்பி பண்ண முடியாது.

மேப்ப பேரே எழுதாம எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இங்க்ஸ்கேப்ல தொறந்து அதுல பேரு எழுதுங்க. இங்க்ஸ்கேப் ப்ரீ, தமிழ் சுத்தமா வரும், ஆத்தோரமா வளைஞ்சு போற மாதிரி கோட்டு மேலயும் எழுத்த உக்கார வைக்கலாம். பேரு எல்லாம் தனி லேயர்ல இருக்கும், பிளேயர் காப்பி வேணும்னா அந்த லேயர மறைச்சிட்டு எக்ஸ்போர்ட், அவ்ளோ தான். ஜிம்ப்லயும் பண்ணலாம். பழைய போட்டோஷாப் வச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சின மாத்தணும், மாத்தலன்னா அங்கயும் உடையும். அஸ்கார்ல இந்த பிரச்சனையே இல்ல, அது பிரவுசர்ல எஸ்விஜியா தான் வரையுது, எழுத்த பிரவுசர் பாத்துக்கும், நேரா தமிழ்லயே ஊர் பேர மாத்தலாம்.

பாமினிப்பிரியன்:

தம்பி, மேப்பில எழுத்து கடைசியில படமாத் தானே போகுது, படத்துக்குள்ள ஆர் தேடப்போயினம்? ஆனா லேயர் விசயம் நீங்கள் சொன்னது சரி, ரகசியக் கதவுக்காரருக்கு அது உதவும். மேப் ஒவ்வொரு கிழமையும் மாறுமெண்டால் ஒவ்வொரு முறையும் இங்க்ஸ்கேப்புக்குப் போய் வாறது அலுப்பு, அதுக்குத் தான் பாமினி சொன்னனான். நாட்டு மேப் ஒருக்காத் தானே செய்யிறது, அதுக்கு உங்கட வழி.

சதுரஅடிக்கணக்கு:

ஹால்ல உக்காந்து விளையாடுற மூணு பேருக்கு என்ன பிளான்? யாரும் அத பத்தி பேசவே இல்ல.

ஏ4ல கட்டத்துக்கு ஒரு இஞ்ச்னு பிரிண்ட் எடுத்து ஒட்டுனீங்கன்னா ஒரு பக்கத்துக்கு மார்ஜின் போக ஏழுக்கு பத்து கட்டம் தான் வரும், 30க்கு 20 கட்டம் மேப்னா ஒம்போது பத்து ஷீட்டு செல்லோடேப் போட்டு ஒட்டணும், ஃபேன் காத்துக்கு பறக்கும். பிரிண்ட் டயலாக்ல ஃபிட் டு பேஜ்னு இருந்தா எடுத்துருங்க, ஆக்சுவல் சைஸ் 100 சதம் வைக்கணும், இல்லன்னா கட்டம் ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் சின்னதாகி ஷீட்டுக்கு ஷீட்டு கோடு சேராது.

நான் பண்றது பிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பாங்கல்ல அதே கடை. சதுர அடி கணக்கு தான், மூணுக்கு ரெண்டு அடி சொன்னா 36க்கு 24 இஞ்ச், அதாவது 36க்கு 24 கட்டம் ஒரே துண்டா வந்துரும். ரெசல்யூஷன் ஜாஸ்தி வேணாம், இஞ்சுக்கு 100 பிக்சல் போதும், அதாவது விடிடிக்கு எடுத்த அதே ஃபைலே ஓடும். ஜேபெக்ல பென் டிரைவ்ல குடுங்க. "இஞ்ச் மாறாம அப்படியே அடிங்கண்ணே"ன்னு ரெண்டு தடவ சொல்லுங்க, அவங்க பழக்கத்துல ஓரத்த இழுத்து நெரப்பிருவாங்க. சுரங்கம் கருப்பா இருக்கும், பிளெக்ஸ்ல இன்னும் கருப்பா விழும், அதனால அனுப்புறதுக்கு முன்னாடி பிரைட்னஸ் ஏத்துங்க, ஸ்க்ரீன்ல பாக்க வெளுத்து போன மாதிரி இருந்தா தான் பிளெக்ஸ்ல சரியா வரும். நேரா மேல மார்க்கர்ல எழுதாதீங்க, புக்குக்கு அட்டை போடுற டிரான்ஸ்பரன்ட் ஷீட்ட மேல விரிச்சு அதுல ஒயிட்போர்டு மார்க்கர்.

முதல் தடவ போனப்ப கடைக்காரர் படத்த பாத்துட்டு "எங்க தம்பி, பேரு, போட்டோ ஒண்ணுமே இல்ல"ன்னாரு. டஞ்சன்னு சொல்லி புரிய வைக்க முடியல, காலேஜ் ப்ராஜெக்ட்னு சொல்லிட்டேன்.

இருபதுமுகத்தாயம்:

அப்டேட் போடறேன், கேட்டுட்டு காணாம போறவன் நான் இல்ல.

டஞ்சன்டிராப்ட் வாங்கிட்டேன். கார்டு முதல்ல ரெண்டு தடவ டிக்லைன் ஆச்சு, இன்டர்நேஷனல் ஆன் பண்ணதும் போயிருச்சு. லேப்டாப் தாங்குது, அசெட் பேக் ரெண்டே ரெண்டு தான் போட்டேன். முதல் மேப் கேவலமா வந்துச்சு, 60க்கு 60 கட்டம் எடுத்து பாதி வெறும் பாறை. அழிச்சிட்டு 30க்கு 20ல ஏழு ரூம் மட்டும் போட்டேன். குகைவாசி ப்ரோ சொன்ன மாதிரி கதவு தானா உக்காரும்போது ஒரு சந்தோஷம் வருது பாருங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் சும்மா கதவா வச்சிட்டு இருந்தேன்.

பேருக்கு யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னபடி பாமினி. கன்வெர்ட்டர்ல போட்டு ஒட்டுனதும் கொற்றவைக்கோட்டை முழுசா நின்னுச்சு, அம்மாவ கூப்ட்டு காட்டுனேன், அவங்களுக்கு ஏன்னு புரியல, "நல்லாருக்கு, சாப்ட வா"ன்னாங்க. நாட்டு மேப்புக்கு இங்க்ஸ்கேப்ல தான் எழுதப்போறேன், ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. கோட்டு அண்ணே, கோட்டைய ஆறு பிரியிற எடத்துக்கு நகத்திட்டேன், அதுல கதையே மாறிப்போச்சு. முன்னாடி சுரங்கத்துல ஒரு பூதம் சும்மா தங்கம் காத்துட்டு இருந்துச்சு, இப்ப அது காக்குறது மதகோட சாவிய.

பிளெக்ஸும் அடிச்சாச்சு. எங்க ஊர் கடைக்காரர் ரொம்ப அக்கறையா ஓரத்துல ரோஸ் கலர்ல பூ பார்டர் சேத்து குடுத்துட்டாரு, கேக்காமயே. வேற வழி இல்ல, அதோடயே விரிச்சேன். மினி (மேப்ல வைக்கிற சின்ன பொம்மை) எங்க கிட்ட கிடையாது, சோழியும் கேரம் காயினும் தான். மூணு மணி நேரம் போச்சு, சிங்கப்பூர்காரி ஔல்பேர்ல ஒவ்வொரு ரூமா தொறக்க தொறக்க அங்க இருந்து கத்துறா.

ஆனா ஒண்ணு. ரெண்டாவது ரூமுக்கு வந்ததும் ஹால்ல இருந்த ஒருத்தன் பூ பார்டர காட்டி "இந்த ரோஜாவ நான் பறிக்கிறேன், இது என்ன மூலிகை"ன்னான். நானும் யோசிக்காம பகடைய உருட்டுடானு சொல்லிட்டேன், இருக்குறதுலயே பெரிய எண்ணு, இருபது, விழுந்துருச்சு. இப்ப அது கதைல இருக்கு, மேப்ல இல்ல. டஞ்சன்டிராப்ட்ல ரோஜா செடி அசெட் ப்ரீயா எங்கயாவது இருக்கா?